கரண்ட் போனால் சண்டை

சிப்காட் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரி நாராயணம்மா. தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் குறைந்தாலும் பதறுவாள். யாராவது முழுகாமல் இருந்தால் அவள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வாளி வாளியாய்த் துணி அலசும் தண்ணீர்தான். அவளிடம் போய்க் கருத்தடை மாத்திரையை ஒளித்துவைத்தாள் எங்கள் பக்கத்து வீட்டுப் பூங்கொடி. அதைவிடப் பத்திரமான இடம் ஓசூரில் கிடையாது.

பூங்கொடி இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், செத்துப் பிழைத்தவள். "உடம்புல ரத்தம் ஏறட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம். அதுவரைக்கும் மாத்திரைய விட்டுறாதம்மா" என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். நர்சம்மா வீடு தேடி வந்து இலவசமாகத் தருவார். திருநெல்வேலியிலிருந்து வந்திறங்கிய மாமியார் அதைக் குப்பையில் வீசினாள். இரண்டும் பெண்ணாம், பேரன் வேண்டுமாம். புருஷன் சுடலைமுத்து அம்மாவுக்கும் தலையாட்டுவான், பெண்டாட்டிக்கும் தலையாட்டுவான். அந்தத் தலைக்கு வேறு வேலை கிடையாது.

நர்சம்மா அடுத்துக் கொடுத்த அட்டை, பின்பக்கம் இருந்த நாராயணம்மாவின் மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குள் போனது. சாயங்காலம் மோட்டார் போட்டதும் பூங்கொடி குடத்தோடு ஓடுவாள். முதலில் மாத்திரை, பிறகுதான் குடம்.

கரண்ட் இல்லாத நாளில்தான் சிக்கல். மோட்டார் ஓடாது, குடத்தோடு போக வழியில்லை. மாமியார் வாசலை விட்டு நகரமாட்டாள். நாராயணம்மாவா விடுவாள்?

"ஏமே பூங்கொடி! சாக்கடையில சோத்தக் கொட்டி அடைச்சது யாரு? வந்து பாருடி!" என்று கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப்போவாள். நானும் சும்மா இருக்கமாட்டேன். "நல்லாக் கேளுக்கா!" என்று எடுத்துக்கொடுப்பேன். பூங்கொடி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவாள். மருமகள் அழுகிறாள் என்று மாமியார் நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் கரண்ட் அடிக்கடி போனது. சண்டையும் வளர்ந்தது. கடைசியில் மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. பூங்கொடி வேலைக்குப் போயிருந்த நேரம், "எம் மருமவளயா ஏசுதா? அப்படி என்ன அடைப்புன்னு பாக்கேன்" என்று விளக்குமாற்றோடு பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சாக்கடையில் ஒரு பருக்கை இல்லை. காலி மாத்திரை அட்டைதான் கிடந்தது. அவள் வீசியெறிந்த அதே மாத்திரை.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா, சாப்புடறா! போன தடவை ரத்தம் நிக்காம பொணமாட்டம் கெடந்தா. உங்க மகன் சொல்லலியா?" சுவிட்சுப் பெட்டிவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தலையாட்டி அதைச் சொல்லியிருக்கவே இல்லை. அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் கரண்ட் போனது. விஷயம் தெரிந்த நாராயணம்மா மூச்சுக் காட்டவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த பூங்கொடிக்கும் நான் சாடை காட்டியிருந்தேன். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வாசலிலிருந்து மாமியார் கேட்டாள்: "ஏட்டி, நேரமாவுதுல்லா. இன்னைக்கு அவ ஏசலயா?"

பூங்கொடி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"நான் ஏழு பெத்தேன், நாலுதான் தங்குச்சு. ஒளிச்சு வைக்க எனக்கு ஒரு சுவிட்சுப் பெட்டி இல்லாமப் போச்சு."

பிறகு எழுந்து நின்று, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"ஏ நாராயணம்மா! எம் மருமவ சோத்தக் கொட்டிட்டா. சீக்கிரம் வந்து ஏசு!"