கரகம் தூக்கக் கேட்ட தவணை

வெடிமருந்து வைத்த குழி வெடிக்காமல் நின்றுவிட்டால், அது கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி. கிட்டே போய் என்னவென்று விசாரிக்கக் கூடாது. உத்தனப்பள்ளியில் கிணறு வெட்டுகிற ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த திம்மப்பன்தான் அன்று எட்டிப் பார்த்தான். அந்நேரம் பார்த்து வெடித்தது; கல்சில்லு இடக்கண்ணில் பாய்ந்தது.

பெண்சாதி கெம்பம்மா அவனைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

“இந்தக் கண் போயிடுச்சு. எடுத்துடணும்,” என்றார் டாக்டர். “விட்டுவெச்சா நல்ல கண்ணையும் கெடுத்துடும். கூடையில ஒரு மாம்பழம் அழுகினா என்ன ஆகும்?”

“கூடை நெறஞ்சாப்பல தெரியும், சாமி. மாரியம்மன் பண்டிகை ஆவட்டும், அப்புறம் எடுத்துக்குங்க,” என்றான் திம்மப்பன்.

மாரியம்மனுக்குக் கரகம் தூக்குவது திம்மப்பன் வீட்டு உரிமை. உடம்பில் குறை உள்ளவன் தூக்கக் கூடாதென்பது ஊர்க்கட்டு. செத்த கண்ணானாலும் குழியில் இருக்கும்வரை கண்தான். எடுத்துவிட்டால் கரகம் பங்காளி கரியப்பன் தலைக்குப் போகும், போனது திரும்பாது.

“கரகம் போனாப் போவுது. இருக்கற கண்ணையும் வெச்சு ஆடறீங்களா?” என்றாள் கெம்பம்மா.

“தூக்கறவன அம்மன் கைவிடுமா, கெம்பி?”

“வெடி வெடிக்கறப்ப எங்க போயிருந்தாளாம்?”

பண்டிகை வரை அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பண்டிகையன்று கண்கட்டை அவிழ்த்து, மூடிய இமைமேல் மஞ்சளும் திருநீறும் அப்பிக்கொண்டு கரகம் எடுத்தான். கரியப்பன் மாடு பிடிக்க வந்த தரகன் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தும் குறை சொல்ல முடியவில்லை. பாதித் தெருவில் நல்ல கண்ணுக்குத் தீவட்டிகளைச் சுற்றி வளையம் கட்டியது. பிறகு தெருவே கஞ்சித் தண்ணீருக்குள் மூழ்கியது. வேர்வை என்று துடைத்தான். துடைத்தும் போகவில்லை.

கோயிலில் கரகத்தை இறக்கிவிட்டு, “கெம்பி, கையைப் புடி. யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போ,” என்றான்.

விடிந்ததும் ஆஸ்பத்திரி. டாக்டர் வலக்கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

“கெட்டத இப்ப எடுத்துடுங்க, சாமி.”

“அன்னிக்கு எடுத்திருந்தா இது தப்பிச்சிருக்கும். இப்ப எடுத்துப் பிரயோஜனம் இல்ல. மருந்து போட்டுப் பார்க்கலாம்.”

“பார்க்கலாம்னா?”

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

திம்மப்பன் கைகூப்பினான். “முழுசாக் கேக்கல, சாமி. வட்டில்ல சோறு இருக்கற இடம் தெரியற அளவுக்கு ஒரு ஓரம் விட்டாப் போதும்.”

அவன் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கெம்பம்மா அவன் தோளைப் பிடித்து டாக்டர் பக்கம் திருப்பிவிட்டாள்.