ஏற்றத்தில் தெரியாதது

இலங்கை மலைநாட்டில், கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் பந்து விளையாடுவதற்கென்றே வேலை கிடைத்தவன் ஒருவன்தான் இருந்தான். அவன் கந்தப்பன். நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலைக்குக் கல் சுமந்துகொண்டிருந்தவனை, டிக்கோயாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தோட்டத்தை நிர்வகித்த துரை பார்த்துவிட்டார். அன்று அவன் மூன்று கோல் போட்டான். அடுத்த வாரமே மனைவி பேச்சியம்மாவையும் இரண்டு பானைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான்.

துரை அவனுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார். தேயிலை அரைத்துச் சலிக்கும் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே மழையில்லை, அட்டையில்லை. சல்லடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, தூள் எது, பெரிய இலை எது என்று பிரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று மணிக்கு அவனை மட்டும் பந்து பழக விட்டுவிடுவார்கள்.

"எங்களுக்குக் கையில கத்தி, ஒனக்குக் கால்ல பந்து. குடுத்து வச்ச மனுசன்யா நீ" என்பார்கள் கவ்வாத்துக்காரர்கள். சரிவில் குனிந்து தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை அவர்களுடையது. அவர்களில் ஒருவன் முத்துலிங்கம். பந்து ஆட்டத்தில் அவன் மாற்று ஆள். கந்தப்பனுக்கு முடியாத நாளில் மட்டும் அவன் முறை. மூன்று வருடமாகக் கந்தப்பனுக்கு முடியாத நாள் என்று ஒன்று வரவே இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தில் அது வந்தது. அந்த வருடக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, ஈரப் புல்லில் கால் ஒரு பக்கம் நிற்க உடம்பு மறுபக்கம் திரும்பியது. கந்தப்பனின் இடது முழங்காலுக்குள் ஏதோ 'டக்' என்றது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது கேட்டதாகச் சொன்னார்கள். உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டை வெட்டியபோது, உள்ளே இருந்த கால் வேறு யாருடையதோ போல மெலிந்திருந்தது.

தோட்டத்து மருந்துச் சாலையைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக் கனகலிங்கம் ஐயா. அவர் கந்தப்பனைத் தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார வைத்து, பழைய காலுறை ஒன்றில் மணலைப் போட்டுக் கணுக்காலில் கட்டிவிட்டார்.

"காலை நீட்டி மடக்கும். ஒரு நாளைக்கு நூறு தரம். அவசரப்பட்டால் சரிவராது, கந்தப்பன். இது பந்தில்லை, முழங்கால்."

கந்தப்பன் நூறு சொன்னால் இருநூறு செய்தான். இரவு வீக்கம் வந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

முத்துலிங்கம் ஒவ்வொரு நாளும் மாலையில் நல்லெண்ணெய்ப் போத்தலோடு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கந்தப்பனின் காம்பராவுக்கு வருவான். அவன் கைக்கு உருவிவிடும் பதம் தெரியும். அப்பனிடமிருந்து வந்த பழக்கம். ஆட்டத்திலும் இப்போது கந்தப்பனுடைய இடத்தில் அவன்தான். நாலு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் போட்டிருந்தான். அதுவும் பந்து அவன் முதுகில் பட்டுத் தானாகப் போனது. கோல் காக்கும் கோலியின் புண்ணியத்தில் தோட்டம் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

"முதுகாலயே அடிச்ச பயலே, வாடா" என்று கந்தப்பன் சிரிப்பான்.

"முன்னால அடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே அண்ணே."

பேச்சியம்மாவுக்கு மட்டும் இந்த வருகை பிடிக்கவில்லை. அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்கும்போதே ஒரு வார்த்தையும் வைப்பாள். "கொழுந்தனாருக்கு எண்ணெய் நல்லா ஊத்தத் தெரியுது. கால் சீக்கிரம் சரியாயிட்டா கெடைக்கப்போற ஸ்டோர் எடம் போயிருமே, அந்தக் கவலை இல்லையா?"

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இறுதி ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய கிளாக்கர் பெரட்டில் வைத்து, காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடி நிற்கும் நேரத்தில், துரை சொன்னதைச் சொன்னார். ஸ்டோரில் சல்லடை இடம் பந்துக்காரனுக்கு உள்ளது. இறுதி ஆட்டத்தில் கந்தப்பன் இறங்கினால் அவனுக்கு. இல்லாவிட்டால் யார் இறங்குகிறானோ அவனுக்கு. கந்தப்பன் மலைக்குப் போக வேண்டியதுதான்.

துரை கெட்டவர் அல்ல. அவருக்குப் பந்து பிடிக்கும், சொன்ன சொல்லை மாற்றப் பிடிக்காது. அவ்வளவுதான்.

முத்துலிங்கத்துக்கு ஸ்டோர் மேல் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். பத்து வருடமாகக் கத்தி பிடித்து அவன் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. ஆடி மழையில் முதுகு நனைந்தால் அன்று இரவு முழுவதும் இருமல். அந்த இடத்தில் அவன் மனதுக்குள் பலமுறை நின்று பார்த்திருக்கிறான். அப்படி நின்று பார்த்த நாட்களில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவான்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, துரை கந்தப்பனைப் பங்களாவுக்கு வரச் சொன்னார். அங்கே போக எழுபத்திரண்டு கல்படி. துரை மேலே வராந்தாவில் நின்றார். முத்துலிங்கம் கீழே வாசல் பக்கத்தில் நின்றான்.

கந்தப்பன் ஏறினான். நிற்காமல், கைப்பிடிச் சுவரைத் தொடாமல், கடைசிப் பத்துப் படியை ஓட்டமாகவே ஏறினான். துரை கை தட்டியது கீழே வரை கேட்டது. "வெரி குட்" என்றார். கிளாக்கரிடம் ஏதோ சொன்னபடி அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகுதான் கந்தப்பன் இறங்கினான். அதைப் பார்க்க மேலே யாரும் இல்லை. ஒவ்வொரு படிக்கும் இடது காலைக் கீழே வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தான். குழந்தை இறங்குவதுபோல. ஒரு படியில்கூட இடது முழங்காலை மடக்கி அதன் மேல் உடம்பைத் தாங்கவில்லை. பாதியில் நின்று, மேலே திரும்பிப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெட்ட முழங்கால் ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கும். இறக்கத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

"என்னடா அப்படிப் பாக்கிற?" என்றான் கந்தப்பன், கீழே வந்ததும்.

"நோவுதா அண்ணே?"

"மைதானத்துல படி இருக்கா? மட்டமாத்தானே இருக்கு. வாயப் பொத்திக்கிட்டு வா."

அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவில் ஆள் மாற்ற முடியாது. விழுந்தால் விழுந்ததுதான். இந்தக் காலோடு இறங்கினால் மறுபடி 'டக்' என்று கேட்கும், அதற்குப் பிறகு எந்த மணல் காலுறையும் உதவாது என்று முத்துலிங்கத்துக்குத் தெரிந்தது. துரையிடம் சொல்லலாம். சொன்னால் ஸ்டோர் அவனுக்கு வரும். அதனால்தான் அவனால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் வருவது உண்மையா ஆசையா என்று அவனுக்கே சந்தேகம். மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை நடந்துகொண்டிருந்தது. கடைசியில் நின்று கும்பிட்டான். என்ன கேட்பது என்று தெரியாமல் திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான்.

எண்ணெய்ப் போத்தலோடு போனபோது கந்தப்பன் குளிக்கப் போயிருந்தான். பேச்சியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணன் ஏறுறதத்தான் எல்லாரும் பாத்தாங்க. எறங்குறத நீங்க பாருங்க."

சுளகு நின்றது. "வந்துருச்சா வெளிய? இத்தன நாளா எண்ணெய் ஊத்துனது இதுக்குத்தானா?"

"மதினி..."

"போயிரு முத்துலிங்கம். இன்னொரு தடவ இந்த வாசல்ல காலு வைக்காத."

அவன் போத்தலை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடியற்காலை, பெரட்டுக்கு முன்னால், முத்துலிங்கம் தன் வாசலில் நின்று கரியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான். லயத்துக்கு மேலே, மலைத் தண்ணீர் விழும் பீலி. அங்கிருந்து மண்ணில் வெட்டிய படிகள் கீழே வரும். பேச்சியம்மா புருசனைக் குடத்தோடு பீலிக்கு அனுப்பிவிட்டுப் படிகளின் அடியில் நின்றாள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு வயதிலிருந்து சரிவில் இறங்குகிறவள் அவள்.

கந்தப்பன் நிறைகுடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். முதல் படி, இடது கால். இரண்டாவது படி, இடது கால். மூன்றாவதும் அப்படியே. நாலாவதில் மனைவி பார்ப்பதைக் கண்டு, நல்லபடியாக இறங்கிக் காட்ட வேண்டும் என்று வலது காலை முன்னால் வைத்தான். இடது முழங்கால் மடங்கியது, மடங்கியபடியே சரிந்தது. குடம் முதலில் விழுந்தது. அவன் அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

பேச்சியம்மா கத்தவில்லை. குடத்தை நிமிர்த்தி வைத்தாள். அதன் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"நாளைக்கு மட்டும் ஆடிட்டேன்னா போதும் புள்ள" என்றான் கந்தப்பன். "ஒரே ஒரு ஆட்டம்."

"அப்புறம் எந்தக் காலால ஸ்டோர்ல நிப்பீங்க?"

அவள் லயத்தின் பக்கம் திரும்பினாள். முத்துலிங்கம் கரி பூசிய வாயோடு அப்படியே நின்றிருந்தான்.

"கொழுந்தனாரே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க. இவர ஒரு பக்கம் பிடிங்க."

கனகலிங்கம் ஐயாவிடம் அவள்தான் பேசினாள். "ஐயா, எல்லாரும் இவர ஏத்தத்துல பாத்தாங்க. எறக்கத்துல யாரும் பாக்கலீங்க. நான் பாத்தேன்."

ஐயா முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். "இறங்கேக்கை நோகுதோ?"

"இல்லீங்க" என்றான் கந்தப்பன். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்" என்றான்.

"ஓம். இதை உம்முடைய பெண்சாதி வந்து சொல்ல வேண்டியிருக்கு, என்ன? இன்னும் ஆறு மாதம் பந்தைத் தொடப்படாது. துரைக்கு நான் எழுதுறன்." பேனாவை எடுத்தவர் ஒரு கணம் நிறுத்தி, "பிள்ளை, இதாலை உங்களுக்கு ஸ்டோர் இடம் போகும். தெரியும்தானே?" என்று கேட்டார்.

"தெரியும்ங்க. எழுதுங்க" என்றாள் பேச்சியம்மா.

ஞாயிற்றுக்கிழமை முத்துலிங்கம் ஆடினான். நாய்போல ஓடினான் என்று கோலி சொன்னான். ஆனாலும் தோட்டம் இரண்டு கோலில் தோற்றது. கந்தப்பன் எல்லைக் கோட்டோரம் தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து, "முதுகக் காட்டுடா, முதுகக் காட்டு!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான்.

துரை சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமைப் பெரட்டில் முத்துலிங்கத்தை ஸ்டோருக்கும் கந்தப்பனைக் கவ்வாத்துக்கும் பிரித்தார்கள். கவ்வாத்து அந்த மாதம் தோட்டத்திலேயே செங்குத்தான மலையில் நடந்துகொண்டிருந்தது.

முத்துலிங்கம் நேரே ஸ்டோருக்குப் போய் டீமேக்கர் முன்னால் நின்றான். ஸ்டோருக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். வழுக்கைத் தலை, குறைந்த பேச்சு.

"ஐயா, எனக்கு இந்தச் சல்லடை ஒன்னும் தெரியாதுங்க. தூளு எது, எல எதுன்னே புரியலீங்க. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா நல்லதுங்க."

டீமேக்கர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தெரிஞ்ச ஆள் யாரு?"

"கந்தப்பண்ணன்தாங்க."

"எவ்வளவு நாள் ஆகும், நீ படிக்க?"

"எனக்குக் கொஞ்சம் மந்தப் புத்திங்க."

டீமேக்கர் மூக்கைச் சொறிந்துகொண்டார். பிறகு கிளாக்கருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினார்: புது ஆள் பழகும்வரை பழைய ஆள் இங்கே தேவை.

கந்தப்பன் மெஷின் பக்கத்தில் பெட்டியில் உட்கார்ந்து மணல் காலுறையை நீட்டி மடக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். முத்துலிங்கம் படித்தான். இரண்டாவது நாளே எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் டீமேக்கர் வந்து கேட்கும்போதெல்லாம் தூளைக் காட்டி இலை என்றான். ஒரு நாள் துரையே வந்து நின்றபோது, கொட்டக் கூடாத பெட்டியில் கொட்டி நல்ல திட்டு வாங்கினான். "மண்டைக்குள்ள என்னடா இருக்கு?" என்று கிளாக்கர் கேட்டார். ஸ்டோர் முழுக்கச் சிரித்தது. டீமேக்கர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் பழகல சார்" என்று துரையிடம் சொன்னார்.

ஒவ்வொரு வெள்ளியும் முத்துலிங்கம் மாரியம்மன் முன்னால் நின்று அந்த வாரத்துப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டான். திங்கட்கிழமை மறுபடியும் அதே பொய்யைச் சொன்னான். அம்மன் அவனைத் தண்டித்ததாகத் தெரியவில்லை. பேச்சியம்மா கொடுத்தனுப்பும் ரொட்டி இரண்டு பேருக்கு வரத் தொடங்கியது. அதில் அவள் ஒரு நாளும் குறை வைக்கவில்லை.

எட்டு மாதம் போனது. ஒரு காலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குச் செய்தி சொல்லப் போன கந்தப்பன் மரப்படிகளில் இறங்கி வந்தான். கீழே நின்ற முத்துலிங்கம் நிமிர்ந்து பார்த்தான். வலது கால், இடது கால், வலது கால், இடது கால். கை சுவர்ப் பக்கமே போகவில்லை. கந்தப்பன் பேசிக்கொண்டே இறங்கினான். கால் அவன் நினைவிலேயே இல்லை.

அந்த வாரம் மைதானத்தில் துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் இரண்டு கோல் போட்டான்.

மறுநாள் முத்துலிங்கம் டீமேக்கர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, எட்டு மாசமாச்சுங்க. இந்தச் சல்லடை எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நான் மலைக்கே போறேங்க."

டீமேக்கர் ஒரு பிடி தேயிலையை எடுத்து அவன் உள்ளங்கையில் போட்டார். "இது என்ன?"

அது முதல் தரத் தூள். முத்துலிங்கம் அதைக் கவனமாகப் பார்த்தான். "எலைங்களா ஐயா?"

"போ" என்றார் அவர். அவன் வாசலைத் தாண்டும் நேரத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டார். "முத்துலிங்கம். மழை நாள்ல இருமல் வந்தா இங்க வா. பெட்டிக்கு ஆணி அடிக்க எப்பவும் ஒரு ஆள் வேணும். அதுக்குப் புத்தி தேவையில்ல."

முத்துலிங்கம் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலையில் இறங்கினான்.