இருபது அங்குலம்

ஏரிக்கு மேலே இருந்த அந்த விடுதியில் ஈரத்துணியோடு யாரையும் வெளியே விடமாட்டார்கள். மற்றபடி நல்ல விடுதி. முதுகுப்பையோடு வருகிறவர்களுக்கு அடுக்குக் கட்டில், மரத்துக்கு மரம் கட்டிய ஊஞ்சல் படுக்கை, எப்போது கேட்டாலும் இஞ்சி டீ. வாசல் சுவரில் ‘இங்கு யாருக்கும் அவசரமில்லை’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

மௌலி திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். மனைவி பூங்கொடி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இரண்டு நாள் மலையில் ஆற அமரக் கிடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பி வந்தான். பிள்ளைக்கென்று தானே தைத்த வெள்ளைச் சட்டை ஒன்று பையில் இருந்தது. எட்டு அங்குல நீளம்.

வந்ததும் அதைத் துவைத்தான். அதுதான் தப்பு. புதுத்துணியைத் துவைக்காமல் பிள்ளைக்குப் போடக்கூடாது. அவன் வீட்டு உப்புத்தண்ணீரிலோ சோப்பு நுரைக்காது. இங்கே குழாயில் வந்த ஏரித்தண்ணீரில் கை பட்டதும் நுரை பொங்கியது. திருப்பூர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஆசையாகக் கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டான்.

காலையில் மேலாளர் லூர்து வந்து சட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஈரம் இருக்கு தம்பி. இருந்துட்டுப் போங்க.”

“குட்டிச் சட்டைங்க. பையில வெச்சுட்டுப் போயர்றேன்.”

“ஈரத்தோட விடறதில்ல.”

மத்தியானம் பூங்கொடியிடமிருந்து போன் வந்தது. முன்கூட்டியே வலி வந்து, பெண் குழந்தை பிறந்திருந்தது.

“எப்ப வர்றீங்க?”

“துணி காஞ்சதும் வந்தர்றேன் கண்ணு.”

“செரி,” என்றாள்.

மௌலிக்கு மனசு கேட்கவில்லை. சட்டையைக் கொடியிலேயே விட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லாமல் நடந்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவு இறங்கினான். பதினைந்தாவது வளைவில் அதே விடுதியின் கொடிக்கயிறும் சட்டையும் தொங்கின. லூர்து டீ கொடுத்தார்.

மறுநாள் சட்டை ஒன்பது அங்குலம் இருந்தது. பனியன் துணி தொங்கினால் இழுபடும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் தோளும் கழுத்தும் கையும் சேர்ந்தாற்போல ஒரு சைஸ் கூடாது. கூடியிருந்தது.

பக்கத்துக் கொடியில் கால்பந்துச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஊஞ்சலில் ஆவுடையப்பன் படுத்திருந்தார். திருநெல்வேலிக்காரர். மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல், அவன் சட்டையோடு மலையேறி வந்தவர்.

“உங்க பையனுக்கு என்ன வயசுங்கண்ணா?”

ஆவுடையப்பன் நிமிர்ந்து சட்டையைப் பார்த்தார். “இருவத்திரண்டு இருக்கும்.”

“எப்பத்தானுங்க இது காயும்?”

“வளருத வரைக்கும் காயாதுடே. காஞ்சா வளராது.”

மௌலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய வேண்டும், காய வேண்டும் என்று கும்பிடாத சாமியில்லை. பூங்கொடி போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பல் முளைத்துவிட்டது. நடக்கிறாள். அப்பா என்றால் யார் என்று கேட்கிறாள். அன்று மட்டும் மௌலி போர்வைக்குள் அழுதான். சட்டை பதினாறு அங்குலம் ஆகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. ஏரியே வெளுத்துக் கிடந்தது. லூர்து வழக்கம்போலக் கால்பந்துச் சட்டையைக் கன்னத்தில் வைத்தார். பிறகு தலைக்குல்லாயைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, காஞ்சிருச்சு.”

சட்டையை மடித்து ஆவுடையப்பன் மடியில் வைத்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. காதில் வைத்தார். மகன் பைக்கில் போகும்போது லாரி மோதி, அங்கேயே உயிர் போய்விட்டதாம். சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பாதை நேராக இறங்கியது.

அன்றிலிருந்து மௌலி காயக்கூடாது என்று சாமியை மாற்றிக் கும்பிட்டான். விடிந்ததும் லூர்துக்கு முன்னால் போய்ச் சட்டையைக் கன்னத்தில் வைப்பான். சில்லென்று ஒட்டும். உயிர் வந்துவிடும். பிறகு சாவகாசமாக டீ குடிப்பான். மூன்றாம் வகுப்பு போகிறாள் என்று பூங்கொடி சொன்னபோது, சட்டை இருபது அங்குலம் இருந்தது.

மறுநாள் அந்த மலையில் அதிசயமாக வெயில் அடித்தது. மௌலி சட்டையைக் கன்னத்தில் வைத்தான். சுட்டது. மொடமொடவென்று இருந்தது. கொடியின் அந்தக் கோடியிலிருந்து லூர்து ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மௌலி சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஏரியில் முழங்கை ஆழத்துக்கு அமுக்கிப் பிடித்தான். பிழியாமல் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொடியில் போட்டான்.

லூர்து கன்னத்தில் வைத்தார். கழுத்து வரை தண்ணீர் வழிந்தது. மௌலியைப் பார்த்தார்.

“ஈரம் இருக்கு தம்பி.”

“இருக்குதுங்க.”

அவர் குல்லாயைக் கழற்றவில்லை. மௌலி அளவு நாடாவைப் பிடித்தான். இருபது. இழுத்துப் பிடித்தான். இருபதுதான்.

பையில் போன் அடித்தது. பூங்கொடியின் பெயர் வந்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

“எடுக்கலையா?”

“அவசரமில்லைங்க,” என்று சொல்லிவிட்டு, மௌலி வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினான்.