பேராசிரியர் சொன்ன வரி ஆலோசனை

கனடாவில் மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஞாயிறு மதியம் யார் வீட்டில் விருந்து என்றாலும் பேராசிரியர் பாலகிருஷ்ணனைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அவர் சொல்லிக்கொடுப்பது பாலம் கட்டும் பொறியியல். ஆனால் முழங்கால் வலி முதல் விசா வரை அவரிடம் பதில் இருக்கும். இவ்வளவு படித்தவர் தவறாகவா சொல்வார் என்று நம்மவர்களும் தலையாட்டுவார்கள்.

டெட்ராய்ட்டில் வேலை பார்த்தபோது அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அவர். மொன்றியலுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. "இங்க வரி கட்டறோம்ல? அமெரிக்காவுக்குக் கணக்கே காட்ட வேண்டாம்" என்று, தன்னைப் போலவே அங்கிருந்து வந்த ஆதித்தனிடமும் அடித்துச் சொல்லியிருந்தார்.

1997 ஏப்ரலில் மகள் ஹம்சினிக்கு பாஸ்டன் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. உதவித்தொகை வேண்டுமென்றால் அப்பாவின் அமெரிக்க வரிப் படிவ நகலை மூன்று வாரத்துக்குள் அனுப்பச் சொன்னார்கள். உதவித்தொகை இல்லாமல் அந்தப் படிப்பு நடக்காது. பேராசிரியரோ எட்டு வருடமாக அந்தப் படிவத்தை எழுதியதே இல்லை.

அமெரிக்க வரி பார்ப்பதையே தொழிலாகச் செய்யும் சிவாஜினியின் அலுவலகத்துக்கு ஓடினார்.

"பழைய தேதி போட்டு எழுதிக் குடுத்துடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"பொய்த் திகதிக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன், சேர். அதுக்குத் தேவையும் இல்லை. விட்ட வருசங்களை இப்பவே ஒழுங்கா எழுதுவம். இங்க கட்டின வரி அங்க வாற வரியை விடக் கூட, அதால அங்க கட்ட ஒண்டும் வராது. ஆனா எழுதிக் குடுத்தாத்தான் அந்தச் சலுகை. மூண்டு கிழமை எனக்குக் காணும்."

"இவ்வளவுதானா!"

"ஓம். அமெரிக்கக் குடியுரிமை இருந்தா எங்க இருந்தாலும் எழுதவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"வேண்டாம்னு எல்லாருக்கும் சொன்னதே நான்தாம்மா."

சிவாஜினி சிரித்துவிட்டார். "நான் ஒரு பாலம் கட்டினா, அதில உங்கட மகளை நடக்க விடுவீங்களோ?"

அவருக்குச் சுருக்கென்றது. சொன்னபடியே படிவங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த விருந்தில் ஆதித்தன் காகிதத் தட்டோடு வந்தான். "சார், வீட்டை வித்தா அமெரிக்காவுல வரி உண்டா?"

நாலு பேரும் திரும்பினார்கள். பதில் பேராசிரியரின் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"எனக்குத் தெரியாது, ஆதித்தன். முன்னாடி சொன்னதும் தப்பு. நாளைக்கே சிவாஜினியைப் போய்ப் பாருங்க, நானும் வரேன்."

யாரும் தலையாட்டவில்லை. ஆதித்தன் மட்டும் தட்டின் ஓரத்தில் சிவாஜினியின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டான்.

"இனிமே படிச்சவன்னு என்னைக் கேக்காதீங்க" என்றார் பேராசிரியர். "அந்த வேலை தெரிஞ்சவங்களைக் கேளுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுதான் படிச்சவன் செய்யற பெரிய தப்பு."