வெங்காயம் என்று எழுதிய தாள்

ருசி பார்க்கும் அறையில் நான் போட்ட முதல் சட்டம் இது: தாளைக் கவிழ்த்து வைக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் எலுமிச்சை என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த நொடி எல்லோர் மூக்கிலும் எலுமிச்சை வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு எத்தனை தடவை முகர்ந்தாலும் அதைக் கிளப்பி அனுப்ப முடியாது. முகம் சுளிப்பதுகூட என் கணக்கில் குற்றம்தான். வேன் டிரைவர் ஒருமுறை "அடடா" என்றதற்கு அன்று முழுக்க அவரை வெளியே உட்கார வைத்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்வேன்.

எங்களுடையது சின்ன பீர் தயாரிப்புக் கூடம், மொத்தம் பதினாலு பேர். வாரத்தில் இரண்டு நாள், காலை பதினொரு மணிக்கு, நான், பீர் காய்ச்சும் ப்ரூவர், லேப் பெண், வேன் டிரைவர், இன்னொருவர் என ஐந்து பேர் கூடி ருசி பார்ப்போம். வெள்ளைச் சுவர், மேசைகளுக்கு நடுவே அட்டைத் தடுப்பு, மூடி போட்ட கண்ணாடிக் கோப்பைகள். கோப்பையில் மூன்று இலக்க எண் மட்டும் ஒட்டியிருக்கும். எது எந்த ஹாப்ஸ் என்பது ஊற்றி வைக்கும் பையனுக்குத்தான் தெரியும், அவன் ருசி பார்க்க மாட்டான். ஹாப்ஸ் என்பது கொடியில் கொத்தாகத் தொங்கும் பச்சைப் பூ. பீருக்குக் கசப்பும் வாசனையும் அதிலிருந்து வருகிறது. ஒன்றில் ஆரஞ்சு வரும், ஒன்றில் தேங்காய் வரும், இன்னொன்றில் பூனை மூத்திரம் வரும். சிரிக்காதீர்கள், அது லேசாக வந்தால் காட்டுப் பழம் என்று லேபிளில் போட்டு விற்கிறோம். வருகிற வாசனைக்குச் சரியான பெயர் வைப்பதுதான் எங்கள் வேலை.

ஐந்தாவது ஆள், பாட்டில் நிரப்பும் பிரிவில் இருக்கும் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். பீரை விழுங்க மாட்டார், வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்பிவிடுவார். ஆள் குறைகிறதே என்று ஒருநாள் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். முதல் நாளே 'புதுச் செருப்பு டப்பாவுக்குள் இருக்கும் காகிதம்' என்று எழுதிக் கொடுத்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போய்ப் பார்த்தால் அந்த ஹாப்ஸ் ஈர அட்டைமேல் ஒரு மாதம் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் தாளைத்தான் முதலில் பிரிப்பேன்.

இனி என் தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், என் பேச்சை நம்பி வேலையை விட்டு ஹாப்ஸ் கொடி நட்டான். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, மூன்று வருடம் காத்திருந்து இந்த வருடம்தான் முதல் முழு விளைச்சல். பறிக்கிற சமயத்தில் போன் செய்தான்.

"பூ கையில எடுத்தா காகிதம் மாதிரி சலசலங்குது. பறிச்சிடட்டுமா அண்ணா?"

"அவசரக்குடுக்கை. இன்னும் பத்து நாள் விடுடா. எண்ணெய் ஏறட்டும், வாசனை தூக்கிட்டுப் போகும்."

தோட்டத்தின் பக்கமே போகாமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னேன். அவன் பத்து நாள் விட்டான்.

சுற்றுவட்டத்தில் ஹாப்ஸ் வாங்குகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். முதலாளியம்மா என்னிடம் பட்டென்று சொல்லிவிட்டார்: "உங்க தம்பிங்கறதுக்காக வாங்க முடியாது. அஞ்சு பேரும் நல்லா இருக்குன்னு எழுதினா மொத்தத்தையும் எடுத்துக்கறேன்." அவன் ஹாப்ஸிலிருந்து ஒரு பிடி போட்டு இருபது லிட்டர் மட்டும் காய்ச்சிப் பார்த்தோம்.

அந்தக் கோப்பைக்கு எண் 417. மூடியை எடுத்தேன். மேலே மாம்பழம், நல்ல கனிந்த மாம்பழம். அதற்கு அடியில், ஒரு மூச்சு தள்ளி, வெங்காயம். நறுக்கிய பலகையைக் கழுவாமல் விட்டால் மறுநாள் ஒரு வாடை வருமே, அது. காலம் தப்பிப் பறித்தால்தான் அந்த வாடை வரும். அன்று வைத்த நாலு கோப்பையில் காலம் தப்பிப் பறித்தது யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பை யாருடையது என்று தெரிந்துவிட்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்தச் சட்டமும் நான் போட்டதுதான். நான் எழுந்திருக்கவில்லை. 'மாம்பழம், கொஞ்சம் ஆரஞ்சு' என்று எழுதிக் கவிழ்த்தேன். மாம்பழம் இருந்ததே, பொய்யா எழுதினேன் என்று மனசுக்குள் சப்பைக்கட்டு வேறு.

தாள்களைப் பிரித்தேன். மூன்று பேர் மாம்பழம் என்று எழுதியிருந்தார்கள். அக்கா மட்டும், 'மாம்பழம். அப்புறம் வெங்காயம்.'

ஒருவர் மாற்றி எழுதினால் கோப்பையை மறுபடி எல்லோருக்கும் கொடுத்து முகரச் சொல்வேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வந்தது வேறு.

"என்னக்கா, காலைல வெங்காயம் நறுக்கிட்டு அப்படியே வந்துட்டீங்களா?"

டிரைவர் சிரித்தார். லேப் பெண்ணும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. மெதுவாக வலது கையைத் தூக்கி, விரல்களை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தார்.

"நறுக்கினேன் சார். ஆனா கழுவிட்டுத்தானே வந்தேன்."

"சரியா போயிருக்காது" என்றேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து அவர் தாளின் மேலே 'கை வாசனை, சேர்க்க வேண்டாம்' என்று எழுதி ஃபைலில் செருகினேன். எல்லாம் ஒரு நிமிஷ வேலை. மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தம்பிக்குப் போன் போட்டேன். "நீ பத்து நாள் விடச் சொன்னது நல்லதாப் போச்சு அண்ணா" என்றான். உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா மாறிப்போனார். அறைக்குள் வருமுன் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஒவ்வொரு கோப்பையைத் திறக்கும் முன்பும் விரலை முகர்வார். செருப்பு டப்பா, மழையில் நனைந்த குடை என்றெல்லாம் எழுதியவர் ஆரஞ்சு, எலுமிச்சை என்று எங்களைப் போலவே எழுத ஆரம்பித்தார். பழகிவிட்டார், தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பெரிய தொட்டி பீர் தயாரானது. இரண்டாயிரம் லிட்டர். இதில் தம்பியின் ஹாப்ஸை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தோம். முதலாளியம்மாவும் அன்று வந்து கதவருகே நின்றார். கோப்பை மூடியைத் தூக்கினேனோ இல்லையோ, மூச்சை அடைத்தது. ஒளித்து வைக்க இனி இடமில்லை. 'வெங்காயம்' என்று எழுதினேன். முதலாளியம்மாவே தாள்களை வாங்கிப் படித்தார். ப்ரூவர் வெங்காயம். லேப் பெண் வெங்காயம். டிரைவர், 'வெங்காயம், பூண்டு, அடுப்பு மட்டும்தான் பாக்கி.' அக்காவின் தாளில், 'மாம்பழம். ஆரஞ்சு.'

"என்னக்கா, உங்களுக்கு மட்டும் வெங்காயம் வரலையா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"வந்துச்சும்மா" என்றார் அக்கா. தலையை நிமிர்த்தவில்லை. "என் கைல இருந்துதான் வருதுன்னு நினைச்சேன். இங்க ருசி பாக்கற நாள்ல வீட்டுல வெங்காயத்தைத் தொடறதே இல்ல. நாலு தடவ சோப்பு போட்டேன். அப்பவும் வருதே, மூக்குதான் கெட்டுப்போச்சு போலன்னு..."

டிரைவர் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். அவருக்கும் அன்றைய சிரிப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சாவதைவிட வாயைத் திறப்பது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அது அவங்க கை இல்லம்மா. என் தம்பி தோட்டம். பத்து நாள் தள்ளிப் பறிக்கச் சொன்னது நான். அன்னிக்கே எனக்கும் வெங்காயம் வந்துச்சு. தெரிஞ்சுதான் மறைச்சேன்."

முதலாளியம்மா சத்தம் போடவில்லை. "அன்னிக்குச் சொல்லியிருந்தா இருபது லிட்டரோட போயிருக்கும்" என்றார். "இனிமே நீங்க இந்த அறைக்கு வர வேண்டாம்." நியாயம்தான். தொட்டியைத் திறந்து வடித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். மீதி மூட்டைகள் தம்பிக்கே திரும்பிப் போகும். அவனிடம் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும், போனில் சொல்கிற விஷயம் இல்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அக்கா மட்டும் நின்றார்.

"அந்தப் பழைய தாள் இருக்கா சார்?"

ஃபைலில் தேடி எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தன் எழுத்தைப் படித்தார். பிறகு மேலே இருந்த சிவப்பு எழுத்தைப் படித்தார்.

"இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்கக்கா. எதுக்கு?"

"வீட்டுல காட்டணும். ஒன்றரை மாசமா மூக்குக்கு மருந்து விட்டுக்கிட்டு இருக்கேன். வீட்டுக்காரர்தான் தினமும் காலைல ஊத்தி விடறார். இப்ப பரவாயில்லையா, இப்ப பரவாயில்லையான்னு கேட்டுக்கிட்டே இருக்கார்."

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"சரி சார்" என்றார். தாளை நாலாக மடித்து பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். கதவைத் திறக்கப் போனவர் ஒரு கணம் நின்று, வலது கையைத் தூக்கி விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.