பெரும்பாக்கத்து வெயில் பெட்டி

அக்தர் பேகத்துக்குக் கோபம் வந்தால் பெரும்பாக்கம் குடியிருப்பில் நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு வந்தது கோபமில்லை, பயம். சுகாதார நிலையத்து நர்ஸாக ஆறு வருஷம் அங்கே குப்பை கொட்டியவள் பயந்து யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை புயலில் போன கரன்ட் போனதுதான். எட்டு மாடிக்கும் லிஃப்ட் இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை, ஜனங்கள் குடத்தோடு மாடி ஏறி முட்டி தேய்ந்தார்கள். அவளுடைய கவலையோ மருந்து அறையில் இருந்த ஒரு பெட்டியின் மேல். தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜ் அது. அதற்கு ஈ.பி. கரன்டும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். மொட்டைமாடி சோலார் பேனலில் வெயில் விழுந்தால் ஓடும். ஓடும்போதே தன் சுவருக்குள் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு, வெயில் இல்லாத இரண்டு மூன்று நாளை அந்த ஐஸை வைத்தே சமாளித்துவிடும். குடியிருப்பில் எல்லோரும் அதை வெயில் பெட்டி என்றார்கள்.

உள்ளே எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மருந்தெல்லாம் குப்பைக்குத்தான். மறுநாள் புதன்கிழமை, ஊசி நாள். அறுபத்து மூன்று குழந்தைகள் பட்டியலில் இருந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிற தாய்மார்கள் ஒரு நாள் லீவு சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "மருந்து இல்லை, போய்ட்டு அடுத்த வாரம் வாங்க" என்றால் அதில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வராத வீட்டில் தட்டம்மை வந்தால் என்ன ஆகும் என்பதை அவள் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறாள். இன்னொருமுறை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

போதாக்குறைக்கு மருந்துக் கிடங்கு அதிகாரி சுந்தரராமன் வேறு. பெட்டி வந்த நாளிலிருந்தே அவருக்கு அது இளக்காரம்.

"சிஸ்டர், மழைக்காலத்துல சோலாரை நம்பறது மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கற மாதிரி" என்று திங்கட்கிழமை போனில் சொன்னார். "நாளைக்கு நாலு மணிக்கு ரீடிங் சொல்லுங்க. எட்டைத் தாண்டியிருந்தா மருந்தை டிஸ்போஸ் பண்ணிட்டு, பெட்டியையும் திருப்பி அனுப்பிடலாம்."

"தாண்டாது சார்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை என்ன செய்வது?

ஞாயிறு நாலு டிகிரி. திங்கள் ஐந்து. செவ்வாய் காலை ஆறரை. கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று மூன்று நாளாக அந்தப் பெட்டியைத் தொடக்கூட இல்லை, வெளியே தெரிகிற மீட்டரைப் பார்ப்பதோடு சரி. பத்து மணிக்கு மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. "யா அல்லா, பிழைச்சோம்" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

பதினோரு மணிக்கு ஏழு. பன்னிரண்டுக்கு ஏழு புள்ளி ஆறு.

இதென்ன கூத்து! வெளியே மண்டை காய்கிறது, உள்ளே பெட்டி மூச்சுக் காட்டவில்லை. ஒயரை இழுத்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தாள். மோட்டார் சத்தமே இல்லை. அப்போதுதான் மொட்டைமாடிச் சாவி ஞாபகம் வந்தது. காலையில் பக்கத்து பிளாக் செல்லியம்மாள் வந்து, "கீழ் வூடெல்லாம் தண்ணி பூந்துச்சு நர்ஸம்மா, துணி காயப் போட எடமே இல்ல" என்று கேட்க, பாவம் பார்த்துச் சாவியைக் கொடுத்தவளே இவள்தான்.

படி ஏறிப் போய்ப் பார்த்தாள். பேனலைக் காணோம். அதன் மேல் மெத்தை, தலையணை, கம்பளி, பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஒரு ஓரத்தில் புர்கா, இன்னொரு ஓரத்தில் யாரோ ஒரு புண்ணியவதியின் கல்யாணப் பட்டு. சாய்வாக, சூடாக, சுத்தமாக இருக்கிறது. மூன்று நாள் ஈரத்தில் கிடந்த ஜனங்களுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

"செல்லியம்மா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!"

அந்தக் கத்தலில் மூன்று பிளாக் ஜன்னல்கள் திறந்தன.

செல்லியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா நர்ஸம்மா சொம்மா கத்துற? கண்ணாடி மேல கால வைக்காதன்ன, வைக்கல. கல்லு போடாதன்ன, போடல. மெத்தையத் தான போட்டோம்? மெத்துன்னுதான கீது!"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அதுக்கு வெயில்தாம்மா சாப்பாடு. நீங்க வாயை மூடிட்டீங்க. இன்னும் அரை டிகிரி ஏறினா நாளைக்கு ஒரு குழந்தைக்கும் ஊசி கிடையாது. உங்க ஆஷா பிள்ளைக்கும் கிடையாது."

மகள் ஆஷாவின் பிள்ளை பேச்சு வந்ததும் செல்லியம்மாளின் முகம் மாறிவிட்டது. கைப்பிடிச் சுவரில் எக்கிக் குரல் கொடுத்தாள் பாருங்கள், புயல் தோற்றது. "ஏய் பொம்பளைங்களா! மேல வாங்கடி! கொயந்தைங்க மருந்து பேஜாராப் பூடும்!"

எத்தனை பேர் ஓடி வந்தார்கள் என்று எண்ண முடியவில்லை. ஆளுக்கொன்றாக அள்ளினார்கள். ஒருத்தி முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்தாள். பட்டுப்புடவைக்காரி தன் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்காவது நிழல் விழுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

அக்தர் பேகம் கீழே ஓடினாள். ஏழு புள்ளி எட்டு. பெட்டியின் மேல் மறுபடி காதை வைத்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். டொக்கென்று ஒரு சத்தம், பிறகு மெல்லிய உறுமல். ஓடுகிறது! அவள் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டாள், அதை அவளே பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

நாலு மணிக்கு ஐந்து புள்ளி ஒன்பது. ரீடிங்கைச் சொல்ல அவளே போன் போட்டாள். சுந்தரராமன் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை நாலு டிகிரி. குடியிருப்பு முழுக்கக் கரன்ட் இல்லை, ஆனால் சுகாதார நிலைய வாசலில் திருவிழாக் கூட்டம். அறுபத்து மூன்று பேருக்கும் ஊசி போட்டாயிற்று. அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டபோது அவளுக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது.

மத்தியானம் ஒரு ஜீப் வந்து நின்றது. சுந்தரராமன் இறங்கினார். பின்னால் மருந்து நிரப்பிய ஐஸ் பெட்டிகள்.

"சிஸ்டர்..." என்று தலையைச் சொறிந்தார். "கிடங்குல ஜெனரேட்டர் தண்ணில மூழ்கிடுச்சு. இந்த ஐஸும் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். உங்க பெட்டியில கொஞ்சம் இடம் இருக்குமா?"

ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்கலாம். அவள் நாக்குக்கு அது பெரிய காரியமும் இல்லை. "மருந்து எல்லாருக்கும் பொதுதானே சார், கொண்டாங்க" என்றாள்.

மருந்தை அடுக்கி முடித்ததும், பேனலைப் பார்க்க வேண்டும் என்று சுந்தரராமன் மாடிக்குப் போனார். போனவர் வழி மழையில் நனைந்த ரெயின்கோட்டைக் கழற்றினார். எங்கே வைக்கலாம் என்று தேடினார். சாய்வாக, சூடாக, சுத்தமாக ஓர் இடம் கண்ணில் பட்டது.

"யோவ் சார்!" படிக்கட்டில் துடைப்பத்தோடு காவலுக்கு உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் பாய்ந்து எழுந்தாள். "படிச்சவன் தான நீ? எட்றா கோட்ட! கொயந்தைங்க மருந்து பேஜாராப் பூடும்!"

சுந்தரராமன் கோட்டை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். கீழே அக்தர் பேகம் சிரித்த சிரிப்பு மூன்று பிளாக்குக்கும் கேட்டது.