முழங்கையைத் தொட்ட இடது கை

என் வீட்டுக்காரர் சொக்கன் யார் கையிலும் எதையும் கொடுத்துப் பழகியவர் அல்ல. வைப்பார். அதையும் டொக்கென்று வைப்பார். பர்மாவில், தாமுவே என்ற பேட்டையில், சந்தையை ஒட்டிய சந்தில் எங்கள் டீக்கடை. காலையில் அடுப்பு மூட்டினால் அவர் டீ ஆற்றுவதும், கோப்பையை மேசையில் டொக்கென்று வைப்பதும், அதில் கால்வாசி சாசரில் கொட்டுவதும்தான் எங்கள் பிழைப்பு. மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். டீ நன்றாக இருந்ததால் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். எனக்கும் அதே டொக்குதான். தாலி ஒன்றைத்தான் கையால் கட்டினார், மற்றதெல்லாம் மேசையில்தான் வைத்தார்.

இந்த ஊரில் ஒரு பொருளை மரியாதையாகக் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வலது கையில் பொருளைப் பிடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு நீட்ட வேண்டும். பொங்கி என்கிற புத்த பிக்குவுக்கு அப்படித்தான், வாத்தியாருக்கு அப்படித்தான், வயதில் மூத்தவர்களுக்கும் அப்படித்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் அது தானாக வந்துவிடும். இவர் ஒருத்தருக்குத்தான் வரவில்லை. போகட்டும், சிலருக்குச் சில நரம்பு கிடையாது என்று நானும் விட்டுவிட்டேன். ஆனாலும் சொல்கிறேன், ஒரு நாளாவது எனக்கு ஒரு கோப்பை டீயை ஒரு மனுஷிக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்க மாட்டாரா என்ற ஏக்கம் எனக்கு இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் மழை பிடித்த சமயத்தில் ஆள் மாறினார். கடைக்கு வந்த டாக்சிக்கார பையனுக்கு இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு கோப்பையை நீட்டினார். பையன் பயந்தே போனான், எழுந்து நின்று வாங்கினான். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். வெற்றிலை வாங்கினால் காசை அப்படித்தான் கொடுக்கிறார், குப்பைக்காரருக்குத் தண்ணீரை அப்படித்தான் கொடுக்கிறார்.

சந்து முழுக்க அதே பேச்சானது. ஊ சொக்கன், அதாவது சொக்கன் ஐயா, தியான மடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாரா என்று பர்மாக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். பக்கத்தில் பரோட்டா போடும் நூர் பீவி, யாரோ மந்திரிச்சுவிட்டார்கள் என்றாள். கடையில் கூட்டம் கூடியது. அவருடைய டீயில் நுரை குறைந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நான்தான் கேட்டேன், என்ன உயரமாகத் தூக்கி ஆற்றுவதே இல்லை என்று. இப்போது வருகிற பாலே சரியில்லை என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, எனக்கும் ஒரு டீ போட்டார். மேசையில் வைக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, என் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கிக்கொண்டு பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அந்தச் சந்தோஷம் தடின்ஜு விளக்குப் பண்டிகை வரை இருந்தது. பண்டிகையன்று கோவிலுக்குப் போகக் கிளம்பும்போது அவர் சட்டை போடுவதைப் பார்த்தேன். வலது கையை இடது கையால் தூக்கி, சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். முகம் கோணியிருந்தது. கையை மேலே தூக்குங்கள் என்றேன். தூக்கினார். மார்பு வரை வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. என்ன ஆச்சு என்று விடாமல் கேட்டேன்.

மழையில் கடை வாசலில் வழுக்கியவர், விழாமலிருக்க மேலே இருந்த ஷட்டரை எட்டிப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். தோளுக்குள் சடக்கென்றதாம். நாலு மாதமாக வாயைத் திறக்கவில்லை. தைலம் தேய்த்தால் போய்விடும் என்று இருந்தாராம். கத்தினேன், அப்படிக் கத்தினேன். நூர் பீவி தோசைக்கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

எங்கள் மகள் பூர்ணா லான்மடாவில் ஒரு போன் கடையில் வேலை பார்க்கிறாள். நான் தமிழில் திட்டினால் அவள் பர்மியில் பதில் சொல்வாள், அப்படித்தான் எங்கள் வீட்டுப் பேச்சு. அவள்தான் விசாரித்து, ஸ்கேன் எடுக்க வைத்து, டோ சான் யீ என்ற எலும்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். வெள்ளைத் தலை, அலுத்த முகம். காலையிலிருந்து எத்தனை தோளைப் பார்த்தாரோ.

இவர் ஸ்கேன் படத்தை எடுத்து, வழக்கம்போல முழங்கையைத் தொட்டுக்கொண்டு நீட்டினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். டாக்டரம்மா வாங்கவில்லை. கையையே பார்த்தார். பிறகு பர்மியில், இடது கையை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றார்.

இவர் எடுத்தார். வலது கை அப்படியே கீழே இறங்கியது. படம் தரையில் விழுந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்சிக்காரனுக்குக் கொடுத்ததும் மரியாதை இல்லை, குப்பைக்காரருக்குக் கொடுத்ததும் மரியாதை இல்லை. தாங்காமல் கை விழுந்துவிடும் என்று தாங்கிப் பிடித்திருக்கிறார். ஊரே கும்பிட்டது அந்த வலியைத்தான். நானும்தான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தோளில் கையைத் தூக்கிப் பிடிக்கிற தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது, தையல் விட்ட சட்டைக் கை மாதிரி. மறுபடி எலும்போடு சேர்த்துத் தைக்க வேண்டும். தைக்க இரண்டு வழி. ஒன்று, தோளைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, மற்றதில் கருவியை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே தைப்பது. இன்னொன்று, தோளின் மேலே கீறித் திறந்து, நேராகக் கண்ணால் பார்த்துத் தைப்பது.

பூர்ணா ஓட்டைதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். போனில் நிறையப் படித்திருந்தாள். வலி குறைவு, தழும்பு சின்னது, சீழ் பிடிக்கிற பயமும் குறைவு. டாக்டரம்மா அதை மறுக்கவில்லை. முதல் சில வாரம் அந்த வித்தியாசம் தெரியும், வருஷம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு வழியில் செய்துகொண்ட இரண்டு பேரில் யாருக்கு எது செய்தது என்று கையைத் தூக்கச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது என்றார். இந்தக் கிழிசல் அகலம், நாளும் ஆகிவிட்டது, நார் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இவ்வளவு பெரியதைக் கேமராவில் நன்றாகச் செய்கிறவர் ஒருவர் இங்கே இருந்தார், இப்போது வெளிநாடு போய்விட்டார். தானும் கேமராவில் செய்வதுண்டு, ஆனால் இந்தத் தோளுக்குத் தன் கண்ணையும் விரலையும்தான் அதிகம் நம்புவதாக ஒளிக்காமல் சொன்னார்.

இவரும் ஓட்டைதான் வேண்டும் என்றார். ஓட்டை சின்னதென்றால் லீவும் சின்னது என்பது இவருடைய கணக்கு. அடுத்த வாரம் கடையில் நின்றுவிடலாமாம். டாக்டரம்மாவுக்கு அதைக் கேட்டு அலுப்பில் சிரிப்பு வந்தது. வெளியே ஓட்டையோ கீறலோ, உள்ளே தையல் ஒன்றுதான், அது எலும்போடு ஒட்டுவதற்கு ஆகிற நாளும் ஒன்றுதான். எதைச் செய்தாலும் ஆறு வாரம் கையைக் கழுத்தோடு கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கனமான எதையும் தூக்கக் கூடாது.

இவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எதற்கும் என்னைக் கேட்காதவர், அவளைக் கேளுங்கள் என்றார். நான் டாக்டரம்மாவிடம், உங்களுக்கு எது கைவந்ததோ அதையே செய்யுங்கள் என்றேன். கீறித் திறப்பது என்று முடிவானது. பூர்ணாவுக்கு மூஞ்சி தூக்கிக்கொண்டது.

திரும்பி வரும்போது டாக்சியில் எனக்கு மனசு ஆறவில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு எனக்கு டீ குடுத்தீங்களே, அதுவும் வலியிலதானா?"

"வேற எதுல?" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஒரு பொய் சொல்லியிருந்தால் குடியா முழுகிவிடும்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியதாம், அது ஒன்றும் புதிதில்லை. தோளில் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் ஒரு தழும்பு. முதல் வாரங்களில் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அப்பவே சொன்னேனே என்று பூர்ணா பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். வலது கை கட்டிக் கிடந்ததால் இவர் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. இடது கையால் கொடுப்பது எங்களில் ஆகாத காரியம். அந்தக் கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

ஓட்டையா கீறலா என்று இத்தனை பேர் பேசினார்களே, அதுவரைக்கும் டீயை யார் ஆற்றுவது என்று ஒருத்தராவது கேட்டார்களா? இல்லை. கேட்க என்ன இருக்கிறது, விஜயகுமாரி என்று நான் ஒருத்தி இருக்கிறேன் அல்லவா. இருட்டு பிரிவதற்கு முன் எழுந்து, கரி அடுப்பை மூட்டி, பானையைத் தூக்கி இறக்கி, கை எட்டிய மட்டும் குவளையை உயர்த்திப் பிடித்து ஆற்றினேன். வாடிக்கைக்காரர்கள் நுரை இல்லை என்றார்கள். நுரை வேண்டுமென்றால் சோப்புக் கடைக்குப் போங்கள் என்றேன். சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிக்காது. கோபம்கூட வராத அளவுக்கு அலுப்பு.

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால், வெயில் கொளுத்திய ஒரு நாள். இவர் கடைச் சுவரில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். விரல்களைச் சுவரில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். இப்போது தலைக்கு மேல் வருகிறது. நான் நூர் பீவிக்கு டீயை நீட்டினேன்.

அவள் வாங்காமல் சிரித்தாள்.

"புருசனுக்கு வந்த மருவாதி பொஞ்சாதிக்கும் ஒட்டிக்கிருச்சா?"

குனிந்து பார்த்தேன். என் இடது கை என் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. எப்போது போனதென்று எனக்கே தெரியாது. நானும் சிரித்து வைத்தேன்.

இவர் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"எடது கையை எடு" என்றார்.

"எதுக்கு?"

"எடது கையை எடுத்துட்டு அந்தக் கோப்பையை எங்கிட்டக் குடு, விஜயா."

எடுத்தேன். கை இறங்கியது, டீ என் இடுப்பு லோஞ்ஜியில் கொட்டியது. கோப்பை கீழே விழுவதற்குள் அவர் இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?"

தைப்பூசத்துக்கு முன்னாலிருந்தே தோள் குடைச்சல்தான். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிவதில்லை. நான் வாயே திறக்கவில்லை, ஒருத்தரும் கண்டுபிடிக்கவும் இல்லை. நாலு மாதம் இவர் பக்கத்திலேயே நின்று, அந்தக் கையைப் பார்த்து, மரியாதை என்று நினைத்து அழுதவள் நான். இவர் பார்த்த உடனே தெரிந்துகொண்டார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"நீங்க சொன்னீங்களா?" என்றேன்.

பூர்ணாவுக்குப் போன் போட்டு, டோ சான் யீயிடம் உடனே நாள் வாங்கச் சொன்னார். கிழிசலோ வெறும் வீக்கமோ, டாக்டரம்மா பார்த்துச் சொல்லட்டும், ஓட்டையா கீறலா என்று இந்தத் தடவை நான் கேட்டுக்கொள்கிறேன், நீ உன் போனைப் படித்துக்கொண்டு வராதே என்று அவளையும் ஒரு அதட்டல் போட்டார். என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனார். குவளையைப் பழைய உயரத்துக்குத் தூக்கவில்லை, தூக்கவும் கூடாது. மார்பு உயரத்தில் வைத்து மெதுவாக ஆற்றினார்.

ஒரு கையால் கொண்டு வந்து என் முன்னால் டொக்கென்று வைத்தார். கால்வாசி சாசரில் கொட்டியது.

"குடி" என்றார்.

கண் நிறைந்துவிட்டது. நூர் பீவி பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை. சாசரில் கொட்டியதை முதலில் குடித்தேன்.